ஆகாய கங்கைக்கு இறங்கிப் போனோம்

அருவி பார்க்கப் போனால் முதலில் நாக்குத் தள்ள ஏறி, அருவியைப் பார்த்துவிட்டு, வரும்போது ஜாலியாக இறங்கி வரலாம். கொல்லிமலை ஆகாய கங்கையில் எல்லாமே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், குளித்து ஈரத்தோடு அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதை முதலிலேயே பேசி, யார் இறங்குவது, யார் மேலேயே இருப்பது என்று முடிவு பண்ணிக்கொள்வது நல்லது.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஆரம்பிக்கிற 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பையன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தான், நாற்பதைத் தாண்டியதும் சத்தத்தைக் காணோம், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைக் காட்டியபோதுதான் மறுபடி உயிர் வந்தது.

அம்மாவுக்கு முட்டிவலி. "நான் சாமி கும்பிட்டுட்டு மீனுக்குப் பொரி போடுறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். கோயில் பக்கத்து ஓடையில் உள்ள மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்துச் சட்டியில் போட்ட மீன் ஒன்றுசேர்ந்து திரும்ப ஆற்றுக்குள் குதித்ததாக ஒரு கதை உண்டு, அதைப் பையனுக்குச் சொல்லித்தான் அனுப்பினார்.

படிகள் செங்குத்து. சில இடங்களில் ஒரு படியே முழங்கால் உயரம், நிழலில் பாசி வேறு. இறங்கும்போது மூச்சு வாங்காது, ஆனால் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். கடைசித் திருப்பத்துக்கு முன்பே சாரல் முகத்தில் அடிக்கிறது, கண்ணாடி போட்ட எனக்குக் கொஞ்ச நேரம் எதுவுமே தெரியவில்லை. ஐயாறு என்கிற ஆறுதான் இங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. நல்ல தண்ணீர் இருக்கும்போது நேர் கீழே நின்றால் முதுகில் யாரோ கும்மாங்குத்து விடுகிற மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஓரப் பாறைதான் சரி. இதே தண்ணீர்தான் அப்புறம் கீழே புளியஞ்சோலை வழியாகப் போகிறது.

ஏறும்போதுதான் யார் யார் என்று தெரிந்தது. ஜிம்முக்குப் போகிற மச்சான் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தான். காலமெல்லாம் காட்டில் வேலை செய்த மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே சீராக ஏறி எங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துவிட்டார். பிஸ்கட் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கியபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற கிழங்கு, தோலில் ஆட்டுக்கால் ரோமம் போலவே பழுப்பு நார். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு இடித்து, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். முட்டிவலிக்கு நல்லது என்று கடைக்கார அக்கா சொன்னதும் அம்மா இரண்டாவது டம்ளர் வாங்கினார். வலி குறைந்ததா என்று கேட்டால், "கிழங்கு ஒரு கிலோ வாங்கு, வீட்ல வச்சுக் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறார்.