காஜாவில் நிற்கும் பொத்தான்

ஐந்தரை வயதாகியும் என் மகனால் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. பொத்தானின் விளிம்பைக் காஜாவுக்குள் பாதி நுழைத்துவிடுவான்; மறுபக்கம் பிடித்து இழுக்க வேண்டிய விரல்கள் வழுக்கிவிடும்; மூன்றாவது முறை உதட்டைக் கடித்துக்கொண்டு என் முன் வந்து நிற்பான். பென்சிலையும் முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பதால், 'அ' எழுதி முடிப்பதற்குள் தாள் கிழிந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. விரல் வேலையிலேயே வாழ்ந்த என் மாமியார், "ஆம்பளப் பையன் மெதுவாத்தான் வருவான்" என்றார். ஆனால் நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகள் கிரேயானைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடித்துவிடுகிறார்கள். ஐந்து வயதில் சில பொத்தான்களையாவது போட்டுவிடுகிறார்கள்.

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி (தொழில்வழிச் சிகிச்சை) என்றதும், சிறு பிள்ளைக்கு என்ன தொழில் என்று உறவினர்கள் கேட்டார்கள். உண்பதும் உடுப்பதும் எழுதுவதும் விளையாடுவதும்தான் பிள்ளையின் தொழில். அதில் எது தடைபடுகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும். அதற்கு முன் என்னையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காலை அவசரத்தில் நானே பொத்தான் போட்டு, நானே ஊட்டி, அவனுக்கு வாய்ப்பே தராமல் இருந்திருக்கிறேன். எனவே ஒரு மாதம் பொறுமையாக அவனையே செய்யவிட்டேன். சாதத்தைப் பிசைந்து சிந்தாமல் உண்ணப் பழகிவிட்டான். பொத்தானும் பென்சிலும் அப்படியே இருந்தன. வகுப்பாசிரியையும் அதையே சொன்னார். எல்லாவற்றையும்விட, முன்பு ஆசையாக வரைந்துகொண்டிருந்தவன் கிரேயான் டப்பாவைக் கண்டாலே எழுந்து போகத் தொடங்கியதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது.

இப்படி ஒரு மாதம் காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. கற்றதைக் குழந்தை இழந்தாலோ, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலோ உடனே குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். செலவை எண்ணித் தயங்குவோர், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் 18 வயது வரை கட்டணமின்றி இயங்கும், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தைப் பற்றி அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

நாங்கள் முதலில் கண் பரிசோதனை செய்தோம், பார்வையில் குறையில்லை. பிறகு தெரபிஸ்ட் அவனை எழுத வைத்து, விரல்களைவிட அவன் உட்கார்ந்திருந்த விதத்தையே கூர்ந்து பார்த்தார். இடது கையால் தலையைத் தாங்கியபடி மேசைமேல் சாய்ந்திருந்தான்; கால்கள் அந்தரத்தில் தொங்கின. உடலை நிமிர்த்தி வைக்கவே அவன் பலமெல்லாம் போய்விடுவதால் விரல்களுக்கு நிதானம் கிடைக்கவில்லை என்றார். அன்றாடம் பார்த்தும் எனக்கு அது தோன்றவேயில்லை. இப்போது வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறோம். வீட்டில் அவன் பாதங்கள் ஊன்றும்படி நாற்காலிக்கு முன் ஒரு பலகை போட்டிருக்கிறேன்.