நானே வைத்த பொட்டு

"பக்கெட் ஆடுது அண்ணாச்சி, தகரத்தைத் தட்டுற மாதிரி சத்தம் வருது" என்று, கரி அள்ளும் எங்கள் லோடர் வண்டியின் ஆபரேட்டர் ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அடுத்த கப்பல் போகட்டும், அடுத்த கப்பல் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

எங்கள் தூத்துக்குடியில் ஸ்கிட் ஸ்டியர் லோடர் (முன்னால் பக்கெட் வைத்த குட்டி வண்டி) எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பேர் பாப்கேட்தான், எல்லா நகலும் ஜெராக்ஸ் ஆன மாதிரி. நிலக்கரிக் கப்பலில் கிரேனின் கிராப் (அள்ளும் இரும்புக் கை) அள்ளி முடித்ததும் மூலையில் ஒட்டிக் கிடப்பதைக் கூட்டிச் சேர்க்க இந்த வண்டியை கிரேனில் கட்டி ஹட்ச்சுக்குள் (சரக்கு அறைக்குள்) இறக்குவார்கள். இடதுபக்கச் சக்கரமும் வலதுபக்கச் சக்கரமும் தனித்தனியாக ஓடுவதால் நின்ற இடத்திலேயே சுற்றும். இதற்கு முன்னோடியான மூணு சக்கர வண்டியை 1957-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் செய்தது வான்கோழிக் கொட்டகையில் சாணி அள்ளுவதற்காக! அங்கிருந்து கப்பல் அடிவயிறு வரைக்கும் வந்துவிட்டது.

பக்கெட்டைப் பிடித்திருக்கும் கப்ளர் பிளேட்டில் ஒரு விசேஷம் உண்டு. மேல் விளிம்பு பக்கெட்டுக்குள் கொக்கி மாதிரி நுழையும், கீழே ரெண்டு ஆப்பு லீவரைத் தள்ளினால் இறங்கிப் பூட்டும். ஆப்பு சரிவாக இருப்பதால், தேயத் தேய ஸ்பிரிங் அதை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி இறுக்கிக்கொள்ளும். அதனால் தேய்மானம் ரொம்ப நாள் வெளியே தெரியாது. தெரியும்போது ஆப்பு மட்டுமில்லை, கப்ளரை ஆர்மோடு (வண்டியின் தூக்கும் கையோடு) இணைக்கிற பின், அந்தப் பின் உட்காரும் புஷ் எல்லாமே தேய்ந்து போயிருக்கும்.

கழற்ற ஆரம்பித்தோம். பக்கெட்டை எடுத்துவிட்டு, ஆர்மை முழுக்க இறக்கி, கப்ளருக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, லீவரை ஆட்டி ஹைட்ராலிக் பிரஷரை வெளியேற்றினோம். பக்கெட்டைச் சாய்க்கிற டில்ட் சிலிண்டர் பின்கள் சுலபமாக வந்தன. கப்ளரின் இடதுபக்கப் பின்னும் பித்தளை ராடு வைத்துப் பத்து அடியில் வந்துவிட்டது. (இரும்புச் சம்மட்டியால் நேராக அடிக்கவே கூடாது, பின் கெட்டி இரும்பு, சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் போகும்.)

வலதுபக்கம் அசையவில்லை. டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். காலையில் பக்கத்து ஹோஸைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டு காஸில் சூடேற்றினோம், ஜாக்கி வைத்துத் தள்ளினோம். ஜாக்கிதான் முனகியது. உப்புக் காத்து, துரு, வேறென்ன என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

உதவிக்கு இருந்த பையன் சும்மா இராமல் உட்புறத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தான். கிரீஸும் கரித்தூளும் கலந்து தார் மாதிரி இறுகியிருந்தது உதிர்ந்ததும் உள்ளே ரெண்டு வெல்டிங் பொட்டு.

"யாருலே இங்க வெல்டு வச்சது?"

"நீங்கதான் அண்ணாச்சி. போல்ட் ஒடிஞ்சப்ப."

ஞாபகம் வந்துவிட்டது. முந்தின வருஷம் ஒரு ராத்திரி ஷிப்டு, மேலே கிரேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், பின்னைப் பிடிக்கிற போல்ட் ஒடிந்து பின் வெளியே நழுவிக்கொண்டிருந்தது. இப்போதைக்கு ரெண்டு பொட்டு வை, கப்பல் போனதும் சரியாகச் செய்யலாம் என்று வெல்டிங் ராடைப் பிடித்தது நான்தான். அந்தப் பொறி தெறித்துப் பக்கத்திலிருந்த கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் மூக்கு) வாயும் அடைத்துப்போயிருக்கிறது. அன்றைக்கிருந்து அந்தப் பக்கம் ஒரு சொட்டு கிரீஸ் உள்ளே போகவில்லை. கிரீஸ் கன்னில் பம்ப் செய்தவர்கள் வெளியே வழிந்ததைப் பார்த்து, உள்ளே நிறைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கிரைண்டரில் பொட்டைச் சீவியதும் மூணாவது அடியில் பின் வந்தது, புஷ்ஷையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. காலிப்பர் வைத்தால் நடுவில் நாலு மில்லி குறைச்சல், இடதுபக்கப் பின்னில் ஒரு மில்லிகூடக் குறையவில்லை. செயின் பிளாக்கில் கப்ளரைத் தூக்கி ஓரமாகப் போட்டோம். ஆர்மில் புஷ் உட்காரும் துளையும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது, லேத்துக்காரரைக் கூப்பிட்டு போரிங் போடவேண்டிய செலவு வேறு.

சாயங்காலம் ஆபரேட்டர் வந்து தேய்ந்த பின்னை உருட்டிப் பார்த்து, "ஏன் அண்ணாச்சி, ஒரு பக்கம் மட்டும் இப்படி?" என்றார். பையன் என்னையே பார்த்தான். நான் ஸ்பேனர் பெட்டியில் புது போல்ட்டுக்கு வாஷர் தேடிக்கொண்டிருந்தேன்.