தலையணை உறையில் இரண்டு கைகள்

1966இல் எங்கள் ஊர்ப் பள்ளியில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் கோதுமை ரவை உப்புமாதான். மாவு வந்த துணிப்பை ஒன்றை அம்மா கேட்டு வாங்கிவந்து தலையணை உறை தைத்தாள். அதில் நட்சத்திரமும் பட்டையும் போட்ட கேடயம். நடுவே குலுக்கிய இரண்டு கைகள். கீழே அமெரிக்க மக்களின் நன்கொடை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எத்தனை முறை துவைத்தும் அந்தக் கைகள் போகவில்லை.

பள்ளிக்கு வந்தது கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு வழியாக, இலவசமாக. ரேஷன் கடைக் கோதுமையின் கதை வேறு. 1954இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல்.480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்படி அதை இந்தியா விலைக்கு வாங்கியது. டாலராக அல்ல, ரூபாயாகக் கொடுத்தது.

1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. கப்பலை நம்பி நாடு உலை வைத்த காலம். அந்த நேரத்தில்தான் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை நிறுத்தி, தானியத்தைச் சிறிது சிறிதாக விடுவித்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்று என்பது ஒரு நிபந்தனை. அதில் நியாயம் இருந்தது. உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியமும் அதையே விரும்பினார், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைத்தார். ஆனால் வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்ததும் வாஷிங்டனை உறுத்தியது. பீகார் பஞ்சத்தில் தவித்தபோதும் கயிறு தளரவில்லை. பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, வாயை மூடினால்தான் சோறு என்பதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்த உப்புமா என்னை வளர்த்தது என்பதையும் நான் மறக்கவில்லை. அதைக் கிண்டிய ஆயாவின் கை மணம் இப்போதும் நினைவிருக்கிறது.

கோதுமைக்குக் கொடுத்துக் குவிந்துகிடந்த அந்த ரூபாயில் பெரும்பகுதியை 1974இல் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை தந்தார். அப்பா அந்தச் செய்தியை உரக்க வாசித்தார். அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "கோதுமைக்கு நாம் கொடுத்த பணம்தானே அது?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் அப்பா.

"அப்படியென்றால் அந்தப் பையில் நன்கொடை என்று எழுதியிருந்ததே?"

அது பள்ளிக்கு வந்தது, இது கடைக்கு வந்தது என்று அப்பா முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார்.