சிகாகோவில் தொலைந்த குடையும் ஐந்தாம் வகுப்பு நீதிபதிகளும்

சிகாகோவுக்கு அருகே ஒரு யூதப் பள்ளியில் கழித்த நாளைப் பற்றி, எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், என்ன பார்க்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் டாக்சிக்காரர் மேல் உள்ள கோபம் ஆறாததால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். சிகாகோவின் டெவன் அவென்யூவில் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன். அந்தத் தெருவின் ஒரு பகுதிக்குக் காந்தியின் பெயரையும் இன்னொரு பகுதிக்கு இஸ்ரேலின் பிரதமராக இருந்த கோல்டா மேயரின் பெயரையும் மரியாதைக்காகச் சூட்டியிருப்பதிலிருந்தே அங்கே யார் யார் அடுத்தடுத்து வாழ்கிறார்கள் என்பது விளங்கிவிடும். பக்கத்து வீட்டு அம்மாள், சிகாகோவை ஒட்டிய புறநகரான ஸ்கோக்கியில் உள்ள ஒரு யூதப் பள்ளியில் ஆசிரியை. நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்காரும்படி அழைத்தார்.

ஹோவர்ட் நிலையத்திலிருந்து மஞ்சள் தடத்து ரயிலில் போயிருந்தால் சில டாலரோடு முடிந்திருக்கும். மழைக்குப் பயந்து டாக்சியில் ஏறினேன். இருபது டாலர் என்று பேசி ஏற்றிக்கொண்டவர், இறங்கும்போது சுற்றிவந்த கணக்கையும் காத்திருந்த கணக்கையும் சொல்லி முப்பத்தெட்டு டாலர் வாங்கிக்கொண்டார். மூவாயிரம் ரூபாய்க்கு மேல்! அந்த வாக்குவாதத்தில், கைப்பிடியில் என் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்த குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். பள்ளி வரவேற்பறையில்தான் அது நினைவுக்கு வந்தது. "போனது போனதுதான்" என்று வாய்விட்டே சொன்னேன். இந்தச் சொல்லுக்கு இவ்வளவு சட்டப் பொருள் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் வகுப்பில் காலை நேரம் முழுவதும் சமயப் பாடமும் எபிரேயமும். பிற்பகலில் பின்னம், அறிவியல், ஆங்கிலம் என்று மற்றப் பள்ளிகளில் உள்ளவையே. இரட்டைப் பாடத்திட்டம் என்பதால் பள்ளி நேரம் நீளம். கட்டணத்தைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. முதல் பாடத்தில் யூதர்களின் வேதமாகிய தோராவை ராஷியின் உரையோடு படித்தார்கள். பிரான்சின் த்ருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த அந்த உரைகாரர் அவர்களுக்கு, குறளுக்குப் பரிமேலழகர் நமக்கு இருப்பதைப் போல. ஆனால் பரிமேலழகர் என்ன சொன்னார் என்று மட்டுமே நாம் மாணவரிடம் கேட்கிறோம், இங்கே ஆசிரியை கேட்டது, "இந்த வரியில் ராஷியை உறுத்தியது எது?" என்பது. மூலத்தில் உள்ள சிக்கலை முதலில் கண்டுபிடித்தால்தான் விடையாகிய உரை புரியும் என்ற இந்த ஒரு கேள்விக்காகவே முப்பத்தெட்டு டாலரை மன்னிக்கலாம் என்று தோன்றியது. உடனே மனத்தை மாற்றிக்கொண்டேன்.

அடுத்தது மிஷ்னா. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட சட்ட நூல் அது; பத்து வயதில் மிஷ்னா கற்க வேண்டும் என்று அதன் ஒரு பகுதியே கூறுகிறது. அன்றைய பாடம், நம்பினால் நம்புங்கள், கண்டெடுத்த பொருள்! சிதறிக் கிடக்கும் காசு எடுத்தவருக்கே உரியது. பைக்குள் இருக்கும் காசையும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று காசுகளையும் கண்டவர் ஊருக்கு அறிவித்தாக வேண்டும். பொருளில் அடையாளம் உண்டா, உடையவர் நம்பிக்கையைக் கைவிட்டாரா என்பவையே இங்கே முக்கியமான கேள்விகள். பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துக்கொண்டு இதைப் படித்தார்கள். அறை சந்தைக்கடையாக இருந்தது, யாரும் அதட்டவில்லை.

என் குடையை வழக்காக வைத்தேன். "அடையாளம் இருக்கிறது, திருப்பித் தர வேண்டும்" என்றான் ஒருவன். "நீங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டீர்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வரவேற்பறையில் "போனது போனதுதான்" என்று நான் சொன்னதைச் சொன்னேன். அவள் விடவில்லை: "நீங்கள் அப்படிச் சொல்வதற்கு முன்பே ஓட்டுநர் குடையைப் பார்த்துவிட்டாரா, பிறகு பார்த்தாரா?" பின்னர் எடுத்திருந்தால் அது அவருக்கே, முன்னரே எடுத்திருந்தால்? தொலைந்ததே தெரியாத ஒருவர், தெரிந்திருந்தால் கைவிட்டிருப்பார் என்று கொள்ளலாமா? நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் அபாயே, ராவா என்ற இரு அறிஞர்கள் இதே புள்ளியில்தான் மோதினார்கள் என்று ஆசிரியை புன்னகைத்தார். கொள்ளக்கூடாது என்பது அபாயேயின் கட்சி; தீர்ப்பும் அவர் பக்கமே நின்றது. வகுப்பில் பாதிப் பேர் இன்னும் ராவாவின் பக்கம்தான்.

திரும்பும் வழியில், யூத உணவு விதிகளின்படி நடக்கும் ஒரு கோஷர் பாலுணவகத்தில் சாப்பிட்டேன். பாலையும் இறைச்சியையும் சேர்க்காத விதியால் அங்கே இறைச்சியே கிடையாது. மீனை மட்டும் விசாரித்துக்கொண்டால் சைவருக்கு அமெரிக்காவில் இதைவிட நிம்மதியான இடம் இல்லை. பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து மடித்து, வெண்ணெயில் பொரித்த பிளின்ட்ஸ் என்னும் மெல்லிய அப்பத்தை இரண்டு தட்டு சாப்பிட்டேன். பட்ஜெட் அத்தோடு முடிந்தது. வெளியே மழை. டாக்சி நிறுவனத்துக்குத் தங்கை மூன்று முறை தொலைபேசியில் பேசிவிட்டாள். குடையை வண்டியில் யாரும் பார்க்கவில்லையாம்.