ஐந்து வயது மகளோடு பஸ்ஸில் ஜொகூர் பாரு

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு பஸ்ஸில் எல்லை தாண்டினால் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் ஒரு தடவை, கடற்பாலம் தாண்டியதும் மலேசியப் பக்கம் இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் மூட்டை முடிச்சு அத்தனையையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வந்த பஸ் நமக்காக நிற்காது. தூங்கிப்போன பிள்ளையும் அந்த மூட்டைகளில் ஒன்றுதான்.

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் மாசாயில் இருக்கும் என் கணவரின் அத்தை வீட்டில் புதுமனைப் புகுவிழா. கணவருக்கு அன்றைக்கு வேலை, மறுநாள்தான் வர முடியும். நானும் மகளும் முன்னால் கிளம்பினோம். ரயில் என்றால் கடற்பாலத்தை ஐந்தே நிமிடத்தில் தாண்டிவிடலாம். ஆனால் பள்ளி விடுமுறையோ வார இறுதியோ வந்தால் அந்த டிக்கெட் எப்போதோ தீர்ந்திருக்கும். அதனால் பஸ்.

முதலில் காகித வேலை. நான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி. மகளும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். ஒரே கையைப் பிடித்துக்கொண்டு போகிற இருவருக்கு இருவேறு விதிகள். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நான் நிரப்ப வேண்டும், அவளுக்குத் தேவையில்லை. வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடினால் பணம் கேட்கும் பக்கங்கள்தான் முதலில் வந்து நிற்கும், அவற்றை ஒதுக்கிவிட்டு மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கே போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 முடியும்வரை இருக்கிறது. நிரந்தரவாசிகள், சிங்கப்பூருக்குத் திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லையா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது சிங்கப்பூரின் வருகை அட்டை, தரைவழியாக வரும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேவையில்லை. இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் என்பதால் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எனக்கு உள்ளூர இருந்த கவலை பெயர்தான். என் பெயரோடு ஒட்டியிருப்பது என் அப்பாவின் பெயர், அவள் பெயரோடு இருப்பது அவள் அப்பாவின் பெயர். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் தாயும் மகளும் என்று சொல்ல ஒரு எழுத்துகூடப் பொதுவாக இல்லை. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இதே கதைதான். பிறப்புச் சான்றிதழின் நகல், 'மகளை அழைத்துப்போக எனக்குச் சம்மதம்' என்று கணவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். கணவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

உட்லண்ட்ஸ் பஸ் முனையத்தில் 950ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தோம். முனையத்திலேயே கழிவறைக்குப் போய்வந்துவிடுவது முக்கியம். வரிசையில் பாதி தூரம் நகர்ந்த பிறகு "அம்மா, அவசரம்" என்று கேட்டால் நமக்கும் அழுகை வரும். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மின்தூக்கி உண்டு, ஆனால் எல்லோரும் நகர்படிக்கட்டில் பாய்கிற நேரத்தில் அதைத் தேடிப் போய்க் காத்திருந்தால் பஸ் வரிசையில் பின்னால் தள்ளப்படுவோம். முதுகுப் பை ஒன்று, கழுத்தில் பாஸ்போர்ட் பை ஒன்று, அவ்வளவுதான். கைகள் இரண்டும் அவளுக்கு.

சிங்கப்பூர்ப் பக்கம் சீக்கிரம் முடிந்தது. கீழே இறங்கி 950 என்று எழுதிய இடத்தில் நின்று அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினோம். அதே கட்டண அட்டையை மறுபடி தட்டினால் போதும். காசு கொடுத்து ஏறியவர்கள் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். 0.9 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்ட, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சிறுவர் சலுகை அட்டை வாங்கி வைத்திருந்தால் சிங்கப்பூர்ப் பொதுப் பேருந்துகளில் இலவசம். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். நெரிசலில் அந்த ஒரு கிலோமீட்டரே ஊர் தூரம் ஆகிவிடும். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் மகளுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டார், அவள் கீழே தண்ணீர்க் குழாய்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

மலேசிய மண்டபத்தில் வெளிநாட்டவர் வரிசையில் இருவரும் சேர்ந்தே நின்றோம். பிள்ளையைத் தனி வரிசைக்கு அனுப்பும் பேச்சே இல்லை. அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினார். "யார் இந்தப் பிள்ளை? அப்பா எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உறையைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் குனிந்து மகளிடமே, "இது யார்?" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி "அம்மா" என்றாள். என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் அச்சாகியிருக்கிறது. அதை எடுத்துக் காட்டி, அவள் பெயரோடு இருக்கும் அப்பா பெயரைச் சுட்டினேன். மலேசியத் தமிழர்களுக்கும் அப்பா பெயர்தான் பின்னால் வரும் என்பதால் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கடிதத்தை யாரும் கேட்கவில்லை. அதற்காக அடுத்த முறை விட்டுவிட்டுப் போக மாட்டேன். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்காதவர்கள் பிறப்புச் சான்றிதழ் நகலாவது எடுத்துப் போங்கள்.

முத்திரை விழுந்ததா என்று அங்கேயே பார்த்துவிட்டு, பைகளை ஸ்கேன் இயந்திரத்தில் போட்டு எடுத்து, மேம்பாலம் வழியாக ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தோம். அத்தையின் மகன் அங்கே காத்திருந்தார்.

திரும்பும்போது ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிட்டுத் திங்கள் மதியம் கிளம்பினோம். கணவரும் இருந்ததால் கை இரண்டு கூடியது. அத்தை கொடுத்த முறுக்கு டின்னுக்குத்தான் தனிக் கை தேவைப்பட்டது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை வாங்கிய பொருளுக்குச் சிங்கப்பூரில் வரி இல்லை, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளி வரைதான். முறுக்குக்கு அந்தக் கணக்கு வரவில்லை. மகளின் சின்னப் பையில் அங்கே சொந்தக்காரப் பிள்ளைகள் போட்டுவிட்ட சூயிங்கம் பொட்டலம் இருந்தது. சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது. நல்லவேளை, கிளம்பும் முன் அத்தை வீட்டிலேயே பையைக் கொட்டிப் பார்த்து அதை எடுத்து அங்கேயே விட்டுவிட்டேன். பிள்ளையின் பையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.