முதல் மொழி: பிரெஞ்சு

அக்காள் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் 'முதல் மொழி' என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் என்னிடம் கொண்டுவந்தாள். "சித்தி, பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாமாமே?"

2003-ல் நானும் அதற்காகத்தான் எடுத்தேன். சென்னையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. தமிழ் என்றால் செய்யுள் மனப்பாடம், இலக்கணம், கட்டுரை. பிரெஞ்சு அரிச்சுவடியிலிருந்து தொடங்கும். 200-க்கு 190 தாண்டிவிடலாம் என்றார்கள். தாண்டினேன். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் மொழிப்பாட மதிப்பெண் கணக்கில் வராது. அன்று மாநில ரேங்க் பட்டியலும் தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களுக்குத்தான். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய மதிப்பெண் எதற்கும் உதவவில்லை.

மொழி உதவியது. பிரெஞ்சில் எழுபதை 'அறுபது பத்து' என்பார்கள். எண்பது, 'நான்கு இருபது'. தொண்ணூறு, 'நான்கு இருபது பத்து'. வகுப்பே சிரித்தது. எங்கள் ஆசிரியை கோபப்படவில்லை. "ஒன்பது பத்தை நீங்கள் ஏன் ஒன்பது என்று தொடங்காமல் தொண்ணூறு என்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிவரும் சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் காதால் கேட்டேன். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்கு நன்னூலில் விதியே இருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 'து', 'வூ' வேறுபாடு மட்டும் எங்களுக்கு உடனே பிடிபட்டது: நீ, நீங்கள். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றபோதுதான் உயர்திணை, அஃறிணை என்ற நம் பிரிவு எவ்வளவு தெளிவானது என்று புரிந்தது.

ஆனால் அந்த இரண்டு வருடத் தமிழ் எனக்குக் கிடைக்காமலே போனது. இன்றும் ஒரு சங்கப் பாடலை உரை இல்லாமல் தொடங்கத் தயங்குகிறேன். அது எனக்கு உண்மையான வருத்தம்.

அதனால் அவளிடம் சொன்னேன்: "மார்க்குக்காக என்றால் வேண்டாம், தமிழை எழுது. பிரெஞ்சு மேல் ஆசை என்றால் எடு. ஆனால் வாரம் ஒருநாள் என்னோடு உட்கார்ந்து தமிழ்ப் பாடப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் கல்லூரிச் சாலையில் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன்."

விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. போகும்போது வாசலில் நின்று, "தொண்ணூற்றொன்பதை எப்படிச் சொல்வார்கள் சித்தி?" என்று கேட்டாள்.