பர்மிட் புதுப்பிக்கிற சீசன்: மொரீஷியஸ் நாட்குறிப்பு

ஜனவரி 12, 2024, வெள்ளி

ஹெச்ஆர்ல இருந்து மெயில் வந்திருக்கு. மே மாசம் என் ஆக்குபேஷன் பர்மிட், அதான் இங்க தங்கி வேலை பாக்கற அனுமதி, முடியுதாம், பாஸ்போர்ட் காப்பி, மெடிக்கல், போட்டோ, டிகிரி சர்டிபிகேட் எல்லாம் இப்பவே ரெடி பண்ணி வைங்கன்னு. 2009ல வந்தவ நான், ஒவ்வொரு தடவையும் பி.காம் சர்டிபிகேட்ட எடுத்து நீட்டிக்கிட்டே இருக்கேன், நடுவுல அது என்ன செல்லாமயா போயிடும்? சட்டப்படி பத்து வருஷம் வரைக்கும் குடுக்கலாம்னு எப்பவோ மாத்திட்டாங்க, ஆனா கான்ட்ராக்ட் எவ்ளோ காலமோ அவ்ளோ காலம்தான் பர்மிட், எங்க கம்பெனி மூணு வருஷத்துக்கு மேல போடாது. நிரந்தரமா தங்கறதுக்கும் ஒரு பர்மிட் இருக்கு, அதுக்கு வச்சிருக்கற சம்பளக் கணக்கு நமக்கெல்லாம் எட்டாக்கனி. வீட்டுக்காரருக்கு ஹோட்டல் வேலை, தனி பர்மிட், அது வேற தேதில முடியும். ரெண்டும் ஒரே மாசத்துல முடிஞ்சதா சரித்திரமே இல்ல, அதனால வருஷா வருஷம் வீட்ல யாராவது ஒருத்தருக்கு போட்டோ எடுத்துக்கிட்டே இருப்போம்.

நான் வேலை பாக்கறது எபேன்ல, ஆபீஸா இருக்கற ஏரியா அது, ஃபண்ட் கணக்கு பாக்குற கம்பெனி. இந்தியாவுல பணம் போடற வெளிநாட்டுக்காரங்க மொரீஷியஸ் வழியா போடறாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்கல்ல, அந்த வழியில உக்காந்து வவுச்சர் பாக்கறவங்க நாங்கதான். 2016ல ரெண்டு நாடும் வரி ஒப்பந்தத்த மாத்துனாங்க, 2017 ஏப்ரல் 1லேர்ந்து வாங்குற ஷேர வித்தா வர்ற லாபத்துக்கு இந்தியாவே வரி போடலாம்னு ஆயிடுச்சு, வரி மிச்சம்னு இந்த வழிய எடுத்தவங்க இனி வருவாங்களா, எங்க வேலை நிக்குமான்னு பயம். அன்னிக்கு லஞ்ச் டேபிள்ல லோக்கல் ஆளுங்க போனஸ் வருமான்னு பேசிட்டிருந்தாங்க, இந்தியாவுல இருந்து வந்த நாங்க நாலு பேரும் வீட்டு அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமான்னு பேசிட்டிருந்தோம். அப்புறம் 2020 பிப்ரவரில கறுப்புப் பணத்த கண்காணிக்கற எஃப்ஏடிஎஃப்னு பாரிஸ்ல இருக்கற அமைப்பு இந்த நாட்ட க்ரே லிஸ்ட்ல, அதான் கண்காணிப்புப் பட்டியல்ல, போட்டுச்சு, 2021 அக்டோபர்ல எடுத்துச்சு, அது வரைக்கும் அதே பேச்சு. வெளிநாட்டு வாழ்க்கைல என்ன கஷ்டம்னு யாராவது கேட்டா எல்லாரும் சாப்பாடு, தனிமைன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு இதுதான். பாரிஸ்லயும் டெல்லிலயும் யாரோ போடற கையெழுத்துக்கு காத்ர் போர்ன்ல என் வீட்டு ஃப்ரிட்ஜ் ஆடும்.

ஜனவரி 16, செவ்வாய்

பெலால் புயல் போயிடுச்சு. நாங்க நல்லாருக்கோம், கேட்டவங்களுக்கெல்லாம் சேர்த்து இங்கயே சொல்லிடறேன்.

நேத்து தலைநகர் போர்ட் லூயில நடந்தத நீங்களும் வீடியோல பாத்திருப்பீங்க. காலைல வேலைக்குப் போனவங்க போனாங்க, திடீர்னு வெள்ளம், நிறுத்தி வச்ச காரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதந்துது. எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தியோட தம்பி கார் கூரை மேல ஏறி நின்னுதான் தப்பிச்சான். இங்க புயல் எச்சரிக்கை ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் கிளாஸ்னு சொல்வாங்க, நாலுன்னா காத்து மணிக்கு 120 கிலோமீட்டர தொட்டாச்சுன்னு அர்த்தம், வாசப்படி தாண்டக் கூடாது. எல்லாரும் காத்தையே பாத்துட்டு இருந்தாங்க, தண்ணி வந்து அடிச்சிருச்சு.

ஞாயித்துக்கிழமையே பக்கத்து வீட்டு தாந்தின் வந்து கதவ தட்டினாங்க, தாந்தின்னா இங்க அத்தைங்கற மாதிரி. எழுபது வயசுக்கு மேல இருக்கும், பேர்ல தமிழ் இருக்கு, பேசறது க்ரியோல், பிரெஞ்சுலேர்ந்து வந்த இந்த ஊர் பாஷை. நான் ஏதோ அன்பா விசாரிக்க வந்திருக்காங்கன்னு நினைச்சா, பால்கனில நான் வச்சிருக்கற கருவேப்பிலத் தொட்டி, துளசித் தொட்டி எல்லாத்தையும் காட்டி, இத இப்பவே உள்ள எடு, ராத்திரி பறந்து வந்து என் கண்ணாடிய உடைக்கும்னு ஒரு அதட்டல். எடுத்தேன். அப்புறம் பேரன்கிட்ட ரெண்டு பக்கெட் குடுத்து விட்டாங்க, தண்ணி பிடிச்சு வைக்க.

அம்மா கும்பகோணத்துலேர்ந்து விடாம போன். டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ வேளச்சேரில இருக்கற அக்காவுக்கு நான் இப்படித்தான் போட்டுட்டே இருந்தேன், லைனே போகல, ரெண்டு நாள் வயித்துல புளிய கரைச்சுது. இந்த தடவ நான் அந்தப் பக்கம். பாதிக்கப்பட்ட இடத்துல இருக்கறவங்களுக்கு பயப்பட நேரமே இருக்காது, அரிசி டப்பாவ மேல தூக்கி வைக்கற வேலை இருக்கும், தூரத்துல இருக்கறவங்களுக்குத்தான் முழுநேர பயம்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம், இங்க அரசாங்க லீவு. தமிழ்நாட்டுலயே 2021லதான் லீவு விட்டாங்கங்கறத நினைச்சுக்கோங்க.

தாந்தின் வீட்ல பேரன் காவடி எடுத்தான். பத்து நாளா கறி மீன் கிடையாது, வீட்டையே கழுவி விட்டாச்சு. கோர் த கார்ட் மலை அடிவாரத்துலேர்ந்து மேல முருகன் கோயிலுக்கு படி ஏறணும், வெயில் சுட்டெரிக்குது, பையன் கன்னத்துல வேல், தோள்ல பூக்காவடி, பின்னாடி பால் சொம்போட அவங்கம்மா, எல்லாரும் ரோஜாக் கலர் உடுப்பு. பாட்டுப் புஸ்தகம் ரோமன் எழுத்துல அச்சடிச்சது, அத பாத்துத்தான் பாடறாங்க, உச்சரிப்பு அங்கங்க வழுக்குது, ஆனா ஒரு வரி விடல. நடுவுல ஒரு அம்மா என்கிட்ட வந்து, நீ இந்தியாவுல எந்த ஊருன்னு கேட்டாங்க. சுவாமிமலை பக்கம்னு சொன்னதும் என் கைய பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் சுவாமிமலைக்கு டவுன் பஸ்ல போய் அறுபது படிய ஏறி சாமி கும்பிட்டுட்டு வாசல்ல பஜ்ஜி தின்னுட்டு வந்தவ, ஒரு நாள் கூட காவடி எடுத்ததில்ல. அந்த மரியாதைய எங்க வச்சுக்கறதுன்னே தெரியல.

அப்புறம் வாழையில போட்டு செத் காரி, ஏழு வகை கறி சோத்தோட. நான் ரெண்டாவது தடவ வாங்கினேன்.

இதே ஊர்லதான் போன வருஷம் பஸ்ல ஒருத்தர் க்ரியோல்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட, இந்தியாலேர்ந்து வந்து வந்து நம்ம பசங்க வேலைய எல்லாம் எடுத்துக்கறாங்க, கம்மி சம்பளத்துக்கு ஒத்துக்கறாங்கன்னு பேசிட்டு வந்தார். எனக்கு க்ரியோல் புரியும்னு அவருக்குத் தெரியாது. கோவம் வந்துதான்னு கேட்டா, வரல. அவர் சொன்னதுல பாதி நிஜம், என் மொத கான்ட்ராக்ட் சம்பளம் லோக்கல் பொண்ணு வாங்குனத விட கம்மிதான். கோயில்ல கைய கண்ணுல ஒத்திக்கறவங்களும் பஸ்ல பேசறவங்களும் ஒரே குடும்பமா கூட இருக்கலாம்.

பிப்ரவரி 12, திங்கள்

மொரீஷியஸ்ல யுபிஐ வந்தாச்சு! இன்னிக்கு மோடி, இங்கத்த பிரதமர் ஜக்நாத், இலங்கை ஜனாதிபதி ரணில் எல்லாரும் வீடியோல உக்காந்து தொடங்கி வச்சாங்க. ஃபேமிலி குரூப்ல ஒரே வாழ்த்து, இனிமே உனக்கு ஈசின்னு சித்தப்பா.

ஒரு ஈசியும் இல்ல சித்தப்பா. சென்னைலேர்ந்து ஹனிமூனுக்கு வர்றவன் இங்க கடைல ஸ்கேன் பண்ணி குடுப்பான், எனக்கு கிடையாது. வெளிநாட்டு நம்பர்ல யுபிஐ வச்சுக்கலாம்னு 2023ல பத்து நாட்டுக்கு விட்டாங்க, அதுல மொரீஷியஸ் இல்ல. அதனால எங்க வீட்ல மேசை டிராயர்ல ஒரு பழைய பட்டன் போன் இருக்கு, பேரே ஓடிபி போன். உள்ள இந்திய சிம். சார்ஜ் போட்டு வைக்கணும், மறக்காம ரீசார்ஜ் பண்ணணும், பண்ணலன்னா நம்பர் போயிடும், நம்பர் போனா பேங்க் போயிடும். அப்பாவுக்கு மருந்து ஆர்டர் பண்ணணும், ஊர் வீட்டு கரண்ட் பில் கட்டணும், எதுவா இருந்தாலும் டிராயர திறந்து அந்த போன ஜன்னல் ஓரம் தூக்கிப் பிடிச்சா, ஓடிபி நாலு நிமிஷம் கழிச்சு வரும், அதுக்குள்ள அந்தப் பக்கம் டைம் அவுட். போன வருஷம் கேஒய்சி முடிஞ்சுதுன்னு ஒரு பேங்க் என் என்ஆர்ஓ அக்கவுண்ட்ட, அதான் வெளிநாட்டுல இருக்கறவங்க ஊர் வருமானத்துக்கு வச்சுக்கற கணக்க, முடக்கிடுச்சு, நேர்ல வாங்கன்னு சொன்னாங்க. நான் மொரீஷியஸ்ல இருக்கேன்ங்கன்னா, அப்ப வரும்போது வாங்க மேடம்னு ரொம்ப பணிவா சொன்னார்.

புதுசா வெளிநாடு கிளம்பறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஊறுகாய் கொஞ்சம் கம்மியா எடுத்துட்டுப் போங்க, கிளம்பறதுக்கு முன்னாடி சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்ஆர்ஓவா மாத்துங்க, வெளிநாட்டு சம்பளத்த அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒண்ணு தனியா திறங்க, அக்காவையோ தம்பியவோ கூட்டா போட்டு வைங்க. இத யாரும் எங்களுக்கு சொல்லல.

பிப்ரவரி 18, ஞாயிறு

பையன் மேல படிக்கறதப் பத்தி வீட்ல வாக்குவாதம். இவன் பொறந்தது இங்க, ரோஸ் ஹில் பக்கம் ஒரு க்ளினிக்ல. வெளிநாட்டு அப்பா அம்மாவுக்கு இங்க பொறந்தா குடியுரிமை கிடையாது, அதனால இந்தியன் பாஸ்போர்ட். அவன் க்ரியோல்ல சண்ட போடுவான், பிரெஞ்சுப் பரீட்சை எழுதுவான், தமிழ்ல பாட்டிகிட்ட 'நல்லாருக்கேன், சாப்ட்டேன்' அவ்ளோதான். இந்தியாவுல என்ஐடிக்கு வெளிநாட்டுல படிக்கறவங்களுக்கு டாசான்னு தனி வழி இருக்கு, ஆனா அதுக்கும் ஜேஇஇ மெயின் எழுதணும், இங்கத்த கேம்ப்ரிட்ஜ் சிலபஸ வச்சுக்கிட்டு அத எழுதறது பகீரதப் பிரயத்தனம். இங்கயே படிச்சா? படிக்கலாம். முடிச்சதும் வயசு தாண்டிடும், அப்புறம் எங்க பர்மிட்ல ஒட்டிக்க முடியாது, பொறந்த ஊர்ல தங்க அவன் தனியா வேலை தேடி தனியா பர்மிட் வாங்கணும். 'அப்ப நான் எந்த ஊர் ஆளு?'ன்னு கேட்டான், சோகமா எல்லாம் இல்ல, ஏதோ ஃபார்ம் நிரப்பற மாதிரி. வீட்டுக்காரர் 'கும்பகோணம்'னார். 'அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதே'ன்னுட்டு பந்த எடுத்துட்டு போயிட்டான்.

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியல, ஆனா கணக்குப் போடறப்ப நாங்க இத சேர்க்கவே இல்லங்கறது உண்மை. சம்பளம், வாடகை, டிக்கெட் செலவு எல்லாம் அப்பவே எழுதி வச்சோம்.

கணக்குல சேர்க்காதது இன்னொண்ணும் உண்டு. கோவிட் வந்து 2020 மார்ச்ல இங்க எல்லைய மூடினாங்க, 2021 அக்டோபர் 1ம் தேதிதான் முழுசா திறந்தாங்க. மாமியார் 2020 ஆகஸ்ட் மொத வாரம் போயிட்டாங்க. வீட்டுக்காரர் போக முடியாம போன்ல பாத்தார், கொள்ளி போட்டது மச்சாண்டார். அதே வாரம் வகாஷியோங்கற ஜப்பான் கம்பெனி கப்பல் தென்கிழக்கு கரைல பவளப்பாறைல மோதி நின்னது உடைஞ்சு எண்ணெய் கொட்ட ஆரம்பிச்சுது. இவர் வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிச்சுரும்னு சொல்லி அந்தக் கரைல இருக்கற மாஹேபூர் போனார். அங்க ஊர் ஜனமே தெருவுல உக்காந்து துணிய நீளமா பை மாதிரி தைச்சு உள்ள காஞ்ச கரும்புச் சோகைய அடைச்சு கடல்ல மிதக்க விட்டுட்டு இருந்திருக்காங்க, எண்ணெய தடுக்கறதுக்கு. இவரும் சாயந்திரம் வரைக்கும் சோகை அடைச்சிருக்கார், கையெல்லாம் கீறல். அடைச்சிட்டே பக்கத்துல இருந்த கிழவர்கிட்ட அம்மா போயிட்டாங்கன்னு சொன்னாராம், அந்தக் கிழவர் ஒண்ணும் பேசாம தன் ரொட்டில பாதிய பிச்சு குடுத்தாராம். வந்த அன்னிக்கு ராத்திரிதான் அழுதார்.

மார்ச் 2, சனி

நல்லதையும் எழுதுன்னு அக்கா மெசேஜ். சரி. ஊர விட ஒன்றரை மணி நேரம்தான் பின்னாடி, அம்மா ஏழரைக்கு காபி குடிக்கறப்ப இங்க ஆறு, அமெரிக்காவுல இருக்கற அண்ணன் மாதிரி ராத்திரி முழிச்சிருந்து பேச வேண்டாம். பீச்செல்லாம் பொதுச் சொத்து, ஞாயித்துக்கிழமை ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்ல சவுக்குத் தோப்புக்குள்ள பிரியாணி டேக்ஸாவோட பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க, நாங்களும் போவோம். மெட்ரோ வந்ததுலேர்ந்து எனக்கு கார் தேவையில்ல. ஆபீஸ் முடிஞ்சா முடிஞ்சதுதான், ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட மாட்டார், இது ஒண்ணுக்காகவே சென்னை ஃப்ரெண்ட்ஸ் பொறாமைப்படறாங்க.

பணம்? என்கூட படிச்சவ சென்னைல ஒரு பெரிய ஆடிட் ஃபர்ம்ல என்ன விட ஜாஸ்தி வாங்கறா. 2009ல இருந்த வித்தியாசம் இப்ப இல்ல. ஊர்ல இத சொன்னா நம்ப மாட்டாங்க, கல்யாணத்துல மொய் எழுதறப்போ பேனாவ வச்சுட்டு என் முகத்தையே பாப்பாங்க.

மார்ச் 12, செவ்வாய்

இங்க தேசிய தினம். 1968 மார்ச் 12 சுதந்திரம் வாங்குன நாள். இந்த வருஷம் சிறப்பு விருந்தாளி நம்ம ஜனாதிபதி முர்மு. வந்த கையோட ஒரு அறிவிப்பு, இந்தியாலேர்ந்து வந்தவங்க வம்சத்துல ஏழாவது தலைமுறை வரைக்கும் இனி ஓசிஐ அட்டை, அதான் இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற அட்டை, வாங்கலாம்னு.

தாந்தின் பேரன், அதான் காவடி எடுத்தவன், மத்தியானமே லேப்டாப்போட வந்துட்டான். ஓசிஐ இருந்தா விசா இல்லாம போலாமா, வேலை பாக்கலாமா, ஓட்டு உண்டான்னு அடுக்கினான். போலாம், பாக்கலாம், ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தாவோட தாத்தா இந்தியாலேர்ந்து வந்தார்னு காட்ட பேப்பர் வேணும். வெள்ளக்காரன் காலத்துல கரும்புத் தோட்டக் கூலிக்கு வந்தவங்களோட பதிவேடு மோகாங்கற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல பத்திரமா இருக்கு, நம்பர், ஊர், கப்பல் எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, அங்க தேடுன்னேன். அப்பதான் தாந்தின் குரல் குடுத்தாங்க, நாங்க கூலிக்கு வந்தவங்க இல்ல, பிரெஞ்சுக்காரன் காலத்துல பாண்டிச்சேரிலேர்ந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம்னு. அப்படி வந்தவங்க நிஜமாவே உண்டு, 1730கள்ல லபூர்தொனே கவர்னரா இருந்தப்போ போர்ட் லூயி கட்ட கூட்டிட்டு வந்தாங்க. ஆனா கூலிப் பதிவேடு ஆரம்பிக்கறது 1834ல. 'அப்போ சீக்கிரம் வந்ததுக்கு எங்களுக்கு பேப்பர் இல்லையா?'ன்னு பேரன் தலைல கை வச்சுட்டான். அதுவுமில்லாம அந்தக் காலத்துலேர்ந்து எண்ணுனா ஏழு தலைமுறைக்குள்ள அடங்குமாங்கறதும் சந்தேகம். அம்மா வழில யாராவது கப்பல்ல வந்திருக்காங்களா பாருன்னேன். இருக்காங்களாம், கொள்ளுப்பாட்டி ஒருத்தி, பேர் மட்டும் தெரியுமாம்.

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. இவனுக்கு இந்தியா போக அட்டை தேடி நான் உதவி பண்றேன், எனக்கு இவன் ஊர்ல இன்னும் மூணு வருஷம் இருக்க ஹெச்ஆர் கையெழுத்து இன்னும் வரல. இங்கத்த குடியுரிமைக்கு போனா இந்தியன் பாஸ்போர்ட்ட குடுத்துடணும், அப்புறம் நானும் இதே ஓசிஐ வரிசைலதான் நிக்கணும். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், 'நல்லதுதான், தாந்தின்கூட துணைக்கு ஆள் ஆச்சு'ங்கறார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கேன். பேரன மோகாவுல விட்டுட்டு, நான் அங்கேர்ந்து மெடிக்கலுக்கு ரத்தம் குடுக்கப் போறேன், வெறும் வயித்துல வரச் சொல்லிருக்காங்க. தாந்தினுக்கு அது தெரியாது, காலைல டோல் பூரி கட்டிக் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க.